லோஃபோட்டன் தீவுகளில் எட்டு நாள் இசைச் சுற்றுலா: எங்களுக்கு ஒத்துவருமா?

வசந்தா_கி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜூலையில் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்கு ஒரு குழுச் சுற்றுலாவில் சேரலாமா என்று நானும் கணவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். மாலையில் சேம்பர் இசைக் கச்சேரி (சில கலைஞர்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசை), பகலில் ஊர் பார்ப்பது. இருபத்தைந்து பேர், ஒரு பஸ், ஒரே விடுதி. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அவருக்கு வலது முழங்கால் சரியில்லை.

நிகழ்ச்சி நிரலைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதல் நாள் எவெனெஸ் விமான நிலையத்தில் இறங்கி கபெல்வோக் போய்ச் சேர்வது. இரண்டாம் நாள் ட்ரோல் ஃபியோர்டு என்ற குறுகிய கடல்நுழைவுக்குப் படகு, மாலையில் வோகன் தேவாலயத்தில் கச்சேரி. மூன்றாம் நாள் ஹென்னிங்ஸ்வேர், மாலையில் கச்சேரி. நான்காம் நாள் காலை 8 மணிக்குக் கிளம்பி ரெய்னே, ஓ என்ற கிராமங்கள்; திரும்பி வந்து 7.30க்குக் கச்சேரி, அது முடிந்ததும் எகும் கடற்கரையில் நள்ளிரவுச் சூரியன். ஐந்தாம் நாள் காலை 8 மணிக்கு போர்க் வைக்கிங் அருங்காட்சியகம், மாலையில் பூக்ஸ்னெஸ் தேவாலயத்தில் கச்சேரி. ஆறாம் நாள் ஓய்வு. ஏழாம் நாள் நிறைவுக் கச்சேரி. எட்டாம் நாள் புறப்பாடு.

என் சந்தேகங்கள்: நாங்கள் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள். மேற்கத்திய இசையில் வயலின் எது, வயோலா எது என்று பார்த்தால் தெரியும், கேட்டால் தெரியாது. இத்தனை மாலை உட்கார முடியுமா? நள்ளிரவுச் சூரியனை நிச்சயமாகப் பார்க்க முடியுமா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி? "ஆர்க்டிக் தீவு என்றால் பனிக்கரடி இருக்குமா?" என்று கேட்கச் சொன்னவர் கணவர். விளையாட்டாகக் கேட்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை.

---

ஊர்சுற்றி:

யோசிக்கவே வேண்டாம், போய்விட்டு வாருங்கள். ரெய்னேவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் மலை, அடியில் சிவப்பு மரவீடுகள். படங்களில் பார்ப்பது உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. ரெய்னேபிரிங்கன் மலைக்கு நேபாள ஷெர்பாக்கள் அமைத்த கல்படிகள் இருக்கின்றன, 1,900க்கும் மேல். முழங்காலுக்கு அது ஆகாது, கீழிருந்தே பாருங்கள். மழைச் சட்டை அவசியம். குடையைக் கொண்டுபோகாதீர்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

---

வடகோடி:

வசந்தா அக்காவுக்கு வணக்கம். நான் நார்வேயின் வடபகுதியில் குடியேறிப் பல காலமாகிறது. கோடையில் இப்படிப்பட்ட குழுக்களுக்கு உதவியாளராகப் போகிறேன். பஸ்ஸில் தலை எண்ணுவது, யாருடைய மாத்திரை விடுதியில் தங்கிவிட்டது என்று பார்ப்பது, இடைவேளையில் கழிப்பறை வரிசையை ஒழுங்கு செய்வது, இவைதான் என் வேலை. சுற்றுலாவை விற்பவள் இல்லை என்பதால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

உங்கள் நிகழ்ச்சி நிரலில் நல்லதும் இருக்கிறது, நடக்க முடியாததும் இருக்கிறது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஒரே விடுதி. சில நிறுவனங்கள் ஸ்வோல்வேரில் இரண்டு இரவு, லெக்னெஸில் இரண்டு இரவு, ரெய்னேவில் ஓர் இரவு என்று பெட்டியும் கையுமாக அலைய வைத்துவிடும். இசைக்காகப் போகிறவர்களுக்கு அதைவிடக் கொடுமை இல்லை. கபெல்வோக்கில் தங்கினால் வோகன் தேவாலயம் பக்கத்திலேயே இருக்கிறது.

இனி நான்காம் நாளுக்கு வருகிறேன். காகிதத்தில் அழகாக இருக்கிறது. கபெல்வோக்கிலிருந்து ஓ கிராமம் சாலையின் கடைசி முனை. ஈ10 சாலை ஒடுக்கமானது, ஜூலையில் கேரவன் என்ற வீட்டு வண்டிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 8க்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத் திரும்பலாம். கச்சேரி 7.30க்குத் தொடங்கி 9.30 வாக்கில் முடியும். எகும் தீவுகளின் மறுபக்கத்தில், வட கரையில் இருக்கிறது. போக ஒரு மணி நேரம். சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இரவு ஒன்றேகால். காலை 8 முதல் இரவு 1.15 வரை ஒரே ஓட்டுநர் வண்டி ஓட்டுவாரா?

ஓட்ட மாட்டார், ஓட்டவும் கூடாது. ஐரோப்பாவில் பஸ் ஓட்டுநர்களுக்கான ஓய்வு விதிகள் நார்வேயிலும் செல்லும். பொதுவாக நாளுக்கு 11 மணி நேரம் தொடர் ஓய்வு. வாரத்தில் சில நாள் 9 மணியாகக் குறைக்கலாம், அதற்குக் கீழே போக முடியாது. வேலை தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் அந்த ஓய்வு முடிந்தாக வேண்டும். அப்படியென்றால் காலை 8க்கு வண்டியை எடுத்தவர் இரவு 11க்குள் சாவியைக் கழற்றிவிட வேண்டும். வண்டியில் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருக்கும், ஏமாற்ற முடியாது. இதற்கு மேல் அடுத்த நாள் காலை 8க்கு வைக்கிங் அருங்காட்சியகம் வேறு! இரண்டாவது ஓட்டுநர் இருந்தால்தான் இது நடக்கும். நிறுவனத்திடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நான்காம் நாள் எத்தனை ஓட்டுநர்?" தயங்காமல் பதில் வந்தால் நல்ல நிறுவனம். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அன்று இரவு எகும் ரத்தாகும், "வானிலை சரியில்லை" என்று காரணம் சொல்வார்கள்.

நள்ளிரவுச் சூரியன் பற்றி ஒரு விஷயத்தை விளம்பரத் தாள்கள் சொல்வதில்லை. ஸ்வோல்வேரும் கபெல்வோக்கும் தீவுகளின் தென்கிழக்குப் பக்கத்தில், வெஸ்ட்ஃபியோர்டைப் பார்த்து இருக்கின்றன. நள்ளிரவில் சூரியன் நிற்பது வடக்கே, நடுவில் மலை. ஊர் வெளிச்சமாக இருக்கும், சூரியன் தெரியாது. அதற்காகத்தான் எகும், கிம்சோய் தீவின் ஹோவ், உட்டாக்லைவ் போன்ற வட கரைகளுக்குப் போவது. காலமும் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் மே கடைசி வாரத்திலிருந்து ஜூலை 14 வாக்கு வரைதான் சூரியன் மறையாமல் இருக்கும். உங்கள் தேதி அதற்குப் பிறகு என்றால் "நள்ளிரவுச் சூரியன்" என்ற வார்த்தைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அதன் பிறகும் இருட்டாது, வானம் செந்நிறமாக நெடுநேரம் கிடக்கும். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். மேகம் வந்தால் இரண்டும் இல்லை.

பனிக்கரடி கிடையாது. அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். லோஃபோட்டன் 68 பாகை வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் தொட்டுக்கொண்டு போவதால் கோடையில் கடற்கரையில் பனியோ பனிக்கட்டியோ இருக்காது. 12, 13 டிகிரி, வெயில் நாளில் அதற்கும் மேல். கரடி வேண்டுமென்றால் ஸ்வால்பார்ட் போக வேண்டும், அது 78 பாகை. ஆசைப்பட்டு அங்கேயும் நீட்டிக்கொள்வதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்வால்பார்ட் நார்வேயுடையது என்றாலும் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருக்கிறது. விசா தேவைப்படும் கடவுச்சீட்டு என்றால் இருமுறை நுழையும் விசா எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது சிக்கல்.

சைவச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள், "மீனும் சாப்பிட மாட்டோம்" என்பதைத் தனியாக எழுதுங்கள். காட் மீனால் உயிர் வாழ்ந்த ஊர்கள் இவை. சைவம் என்றதும் இறைச்சியை எடுத்துவிட்டு மீனை வைத்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு, பால் பொருட்கள், சூப் எங்கும் கிடைக்கும். கச்சேரி இடைவேளையில் வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் விற்றால் வாங்கிச் சாப்பிடுங்கள். தித்திப்பும் உப்புமாக இருக்கும். குரோனர் நோட்டு மாற்றிக்கொண்டு போக வேண்டாம், எங்கும் அட்டைதான்.

இசை பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இந்த மன்றத்தில் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும். நான் கண்டது ஒன்று: பகலில் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கியவர்கள் மாலையில் மெதுவான பகுதி தொடங்கியதும் தலை சாய்ந்துவிடுகிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை, நிரலைப் போட்டவர் குற்றம். நான்காம் நாள் ரெய்னேவா கச்சேரியா என்று முடிவு செய்யுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரெய்னேவை விட்டுவிட்டு கபெல்வோக்கிலேயே இருப்பேன். ஸ்டோர்வோகனில் மீன் காட்சியகமும், ஓவியர் கோரெ எஸ்போலின் யோன்சனின் ஓவியக்கூடமும் இருக்கின்றன. குளிர்காலக் கடலில் மீனவர்கள் பட்ட பாட்டைக் கறுப்பும் சாம்பலுமாக வரைந்திருப்பார். விளம்பரத் தாளின் நீலக் கடலைப் பார்த்துவிட்டு வருபவர்களை முதலில் அங்கே அழைத்துப் போக எனக்கு ஆசை.

---

ஊர்சுற்றி:

ரெய்னேவை விட்டுவிடுவதா? வடகோடி அவர்களே, அவ்வளவு தூரம் போய்விட்டு மீன் காட்சியகத்தில் உட்காரச் சொல்கிறீர்களே! பாதி உலகம் அந்தக் காட்சிக்காகத்தான் வருகிறது.

---

வடகோடி:

பாதி உலகமும் ஒரே நேரத்தில் வருவதுதான் பிரச்சினை, தம்பி. ஜூலையில் பெரிய பஸ் நிறுத்த இடம் கிடைக்காமல், இருபது நிமிடம் இறக்கிவிட்டு, படம் எடுத்ததும் மறுபடி ஏற்றியிருக்கிறேன். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கச்சேரி இல்லாத நாளில் போகட்டும், நின்று பார்க்கட்டும். இன்னொன்று, விளம்பரத் தாளில் மரச்சட்டங்கள் நிறைய மீன் தொங்குகிறதல்லவா, ஜூலையில் அது இருக்காது. பிப்ரவரி முதல் மே வரைதான் காட் மீனை வாலோடு வால் கட்டித் தொங்கவிடுவார்கள். உப்பே போடாமல், குளிரும் காற்றும் மட்டுமே காயவைக்கும். ஜூன் வந்தால் இறக்கிவிடுவார்கள். நீங்கள் போகும்போது வெறும் சட்டங்கள் வரிசையாக நிற்கும். மூக்கு மட்டும் சொல்லும், இங்கே மீன் இருந்தது என்று.

---

நாலாம்தந்தி:

வடகோடி அழைத்துவிட்டதால் இசைப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் தொழில்முறைக் கலைஞன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று நண்பர்களுடன் செல்லோ (வயலின் குடும்பத்தின் பெரிய, தாழ்ந்த ஒலி வாத்தியம்) வாசித்து அண்டை வீட்டாரைத் துன்புறுத்துபவன்.

வசந்தா அம்மா, கர்நாடக இசைக் காது ஒரு குறையே இல்லை. சேம்பர் இசைக்கு அது பெரிய பலம். ஒவ்வொரு குரலுக்கும் ஒரே ஓர் ஆள், நடத்துநர் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. யார் யாருக்கு எடுத்துக் கொடுக்கிறார், யார் விட்டுக்கொடுக்கிறார் என்று பார்த்துப் பழகிய கண்ணும் காதும் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. வேறுபாடு எங்கே என்றால், இங்கே எல்லாம் எழுதி வைத்தது; கற்பனைக்கு இடம் சுரங்களில் இல்லை, அதைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்தால் முதல் வயலின்காரர் தொடங்குவதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பது கேட்கும். அந்த மூச்சின் நீளத்திலேயே நால்வர் குழுவில் மற்ற மூவருக்கும் காலப்பிரமாணம் தெரிந்துவிடும். அதைக் கவனிக்கத் தொடங்கினால் தூக்கம் வராது.

இரண்டு எச்சரிக்கைகள். தொடையில் தாளம் போடும் பழக்கம் உங்கள் கணவருக்கு இருந்தால் மனதுக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மரத் தேவாலயத்தில் அது முன்னிருக்கைக்காரர் முதுகில் கேட்கும். ஒரு படைப்பில் பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும், பகுதிகளுக்கு நடுவில் கைதட்டுவதில்லை. எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்? வில்லைப் பிடித்த கைகள் கீழே இறங்கும் வரை காத்திருங்கள். மெதுவாக முடியும் படைப்புகளில் அந்தச் சில நொடிகளும் இசையில் சேர்ந்தவைதான்.

வோகன் தேவாலயம் 1898இல் கட்டியது, மஞ்சள் பூசிய மரக் கட்டடம், சுமார் 1,200 பேர் உட்காரலாம். இவ்வளவு சின்ன ஊரில் ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள் என்று கேட்டால், குளிர்கால மீன்பிடிப் பருவத்தில் வந்து குவிந்த மீனவர்களுக்காக. "லோஃபோட்டன் பேராலயம்" என்றே அழைப்பார்கள். மரச் சுவர் என்பதால் ஒலி கல் தேவாலயம்போல எதிரொலித்துக் குழம்பாது. நால்வர் இசைக்கு அது நல்லது. ஆனால் இடம் பெரிது. மெல்லிய ஒலிகள் பின்வரிசையை எட்டும்போது இளைத்துவிடும். இருக்கை எண் இல்லாத கச்சேரி என்றால் முன்பாதியில் இடம் பிடியுங்கள். மர இருக்கைக்கு ஒரு சின்ன மெத்தை, முழங்காலுக்காக நடைபாதையோரம் ஒரு இடம். இருமல் மிட்டாயின் காகிதத்தைக் கச்சேரி தொடங்குவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். நல்ல நிசப்தத்தில் அந்தக் காகிதம் முரசு.

முன்கூட்டியே என்ன கேட்டு வைப்பது? நிகழ்ச்சி விவரம் வந்ததும் அதிலிருந்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, சமையலறையில் ஓடவிடாமல், உட்கார்ந்து கேளுங்கள். எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் ஷூபர்ட்டின் சி மேஜர் ஸ்ட்ரிங் குவிண்டெட். இரண்டு வயலின், ஒரு வயோலா, இரண்டு செல்லோ. 1828இல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதி முடித்தார், வயது 31. 1850இல்தான் முதன்முதலாக மேடையேறியது. முழுவதும் ஐம்பது நிமிடத்துக்கு மேல். இரண்டாம் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மூவர் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். கீழே இரண்டாவது செல்லோ தந்தியை விரலால் மீட்டிக்கொண்டே இருக்கும். மேலே முதல் வயலின் ஒரு துண்டு, சிறு மௌனம், மறுபடி ஒரு துண்டு. ராகம் முன்னால் போகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று தெரியாது. திடீரென்று நடுவில் ஒரு புயல் வரும். அது அடங்கி பழைய பாட்டு திரும்பும்போது இரண்டாவது செல்லோ முன்போல அமைதியாக இருக்காது, கீழே ஓடிக்கொண்டே இருக்கும். பயந்தவன் வெளியே அமைதியாகப் பேசுவதுபோல. இந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்கு எப்போதும் அந்தக் கீழ்க்குரல்தான் கிடைக்கிறது, புகார் இல்லை.

நார்வேக்காரர் வேண்டுமென்றால் கிரீக். அவர் முழுமையாக முடித்த ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (நால்வர் தந்தி இசை) ஒன்றுதான் நமக்கு இருக்கிறது, ஜி மைனரில், 1878இல் முடித்தது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தந்திகளை அழுத்தி வாசிக்கச் சொல்வார், நால்வர் வாசிப்பது எட்டுப் பேர் வாசிப்பதுபோலத் தடிமனாகக் கேட்கும். தொடக்கத்தில் வரும் சிறு சுரத்தொடர் வேஷம் மாற்றிக்கொண்டு மறுபடி மறுபடி வரும். அதைப் பிடித்துவிட்டால் உங்கள் கணவருக்குப் பொழுது போய்விடும்.

வடகோடியிடம் ஒரு சின்ன வேறுபாடு. தலை சாய்ந்து தூங்குவதைப் பெரிய குற்றமாக எடுக்க வேண்டாம். குறட்டை விடாதவரை இசைக் கலைஞர்களுக்கு அது தெரிவதே இல்லை.

---

வடகோடி:

குறட்டையை நிறுத்தப் பின்னாலிருந்து தோளைத் தட்டுபவள் நான். அதனால்தான் சொன்னேன்.

---

வசந்தா_கி:

எவ்வளவு விவரங்கள்! எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஷூபர்ட்டின் அந்த இரண்டாம் பகுதியைக் கேட்டோம். முதல் தடவை கணவர் "இதில் என்ன நடக்கிறது, ஒன்றுமே நடக்கவில்லையே" என்றார். புயல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிந்த பிறகு இன்னொரு முறை போடச் சொன்னது அவர்தான். பனிக்கரடி இல்லை என்பதில் கொஞ்சம் வருத்தம்.

இன்னும் சில கேள்விகள். ட்ரோல் ஃபியோர்டுப் படகில் இரண்டு வகை கொடுத்திருக்கிறார்கள்: பெரிய படகு, அல்லது கூடுதல் பணத்துக்கு வேகமான ரப்பர் படகு. எது நல்லது? தங்குவது ரோர்பு என்று போட்டிருக்கிறது, அது வசதியாக இருக்குமா? வெளிச்சத்தில் தூக்கம் வருமா? முன்பின் தெரியாத இருபத்தைந்து பேரோடு எட்டு நாள் பஸ்ஸில் இருப்பதும் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. எங்களைத் தவிர யாரும் தமிழர் இருக்கமாட்டார்கள்.

---

வடகோடி:

ரப்பர் படகு வேண்டவே வேண்டாம், அக்கா. அதில் குதிரைமேல் உட்காருவதுபோல உட்கார்ந்து, ஒவ்வொரு அலைக்கும் முழங்காலால்தான் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். பெரிய படகில் போங்கள். இப்போது மின்சாரத்தில் ஓடும் சத்தமில்லாத படகுகளும் ஸ்வோல்வேரிலிருந்து கிளம்புகின்றன. அந்த ஃபியோர்டு இரண்டு கிலோமீட்டர் நீளம்தான், வாய் வெறும் நூறு மீட்டர் அகலம். பாறைக்குள் நுழைவதுபோல இருக்கும். இயந்திர இரைச்சல் இல்லாமல் உள்ளே போனால் சுவரிலிருந்து நீர் ஒழுகுவதுகூடக் கேட்கும். 1890இல் இதே இடத்தில் நீராவிக் கப்பல்காரர்கள் வாயை அடைத்துக்கொண்டு மீனை வளைக்கப் பார்க்க, துடுப்புப் படகுக்காரர்கள் பாய்ந்து அடிதடி நடத்தினார்கள். அதன் பிறகு சட்டம் வந்து நீராவிக் கப்பல்களின் வலையை அடக்கியது. படகில் வழிகாட்டி சொல்வார், சொல்லாவிட்டால் கேளுங்கள்.

வெண்வால் கடற்கழுகை ஏறக்குறைய நிச்சயமாகப் பார்க்கலாம். சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். சில படகுகளில் மீனை எறிந்து வரவழைப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, ஆனால் பயணிகள் யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக நினைவில்லை.

ரோர்பு என்பது மீனவர்கள் பருவகாலத்தில் தங்கிய மரக்குடில், பாதி தரையிலும் பாதி கடலின்மேல் கால்களிலும் நிற்கும். இப்போது குளியலறை, அடுப்பு, சூடு எல்லாம் வைத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கேளுங்கள்: படுக்கை தரைத்தளத்தில் இருக்கிறதா? பல ரோர்புகளில் படுக்கை மச்சில் இருக்கும், ஏறுவதற்கு ஏணி மாதிரிச் செங்குத்துப் படி. இரவில் கழிப்பறைக்கு இறங்க அண்ணனால் முடியாது. தூக்கத்துக்குக் கண்மூடித் துணி எடுத்துக்கொள்ளுங்கள். திரைச்சீலையை நம்பாதீர்கள். கடற்காகங்கள் இரவு பகல் பாராமல் கத்தும் என்பதால் காதடைப்பானும்.

குழுவைப் பற்றிய தயக்கம் மூன்றாம் நாளில் போய்விடும். இசைச் சுற்றுலாக்களில் ஒரு வசதி உண்டு: மாலையில் இரண்டு மணி நேரம் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. இடைவேளையில் பேச ஒரு விஷயமும் இருக்கும். தனியாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒரு காலத்தில் பியானோ கற்று விட்டுவிட்டவர்கள், மனைவிக்காக வந்த கணவர்கள், இவர்கள்தான் பெரும்பாலும். "எனக்கு இசை தெரியாது" என்று உணவு மேசையில் முதலில் சொல்பவருக்கு உடனே நான்கு நண்பர்கள் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்; அந்த நால்வருக்கும் தெரியாதுதான்.

கடைசியாக நிரலைப் பற்றி. உங்கள் செய்தியை மறுபடி படித்தபோது ஒன்று தோன்றியது. ஐந்தாம் நாள் போர்க், பிறகு கிராவ்டாலில் இருக்கும் பூக்ஸ்னெஸ் தேவாலயம். 1905இல் கட்டிய சிவப்புத் தேவாலயம், கூரை முனையில் டிராகன் தலைகள். இரண்டும் மேற்கே, ஒரே வழியில். எகும் கிராமம் போர்க்குக்கு அருகில்! நான்காம் நாள் கபெல்வோக்கிலிருந்து அதற்காகவே நள்ளிரவில் ஓடுவதைவிட, ஐந்தாம் நாள் கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் எகும் போய்விடலாம். அன்று காலை 8க்குக் கிளம்பாமல் நண்பகலில் கிளம்பினால் ஓட்டுநருக்கும் நேரம் சரியாக வரும், நீங்களும் முந்தைய நாள் களைப்பைத் தூங்கித் தீர்க்கலாம். அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரம் தாராளம். 1981இல் ஓர் உழவர் நிலத்தை உழும்போது அகப்பட்ட தடயத்திலிருந்து தோண்டி, 83 மீட்டர் நீளத்துக்கு ஒரு தலைவன் வீடு இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதே அளவில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நெருப்பு எரியும், சட்டையில் புகை வாடை ஏறும், அதே சட்டையோடு பூக்ஸ்னெஸில் கச்சேரி கேட்பீர்கள். ஆறாம் நாள் எப்படியும் ஓய்வு. இதை அப்படியே எழுதி அனுப்புங்கள். பெரும்பாலும் இந்த நிரல்களைப் போடுபவர்கள் வரைபடத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

---

நாலாம்தந்தி:

சட்டையில் புகை வாடை என்றதும் பக்கத்து இருக்கைக்காரர்களுக்காக ஒரு விண்ணப்பம்: மேலே போட ஒரு மாற்று உடுப்பு பஸ்ஸில் வைத்திருங்கள். மற்றபடி உடை பற்றிக் கவலை வேண்டாம். கம்பளிச் சட்டையும் மழைச்செருப்பும் அணிந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

---

வசந்தா_கி:

நிறுவனத்திலிருந்து பதில் வந்துவிட்டது. ஓட்டுநர் ஒருவர்தானாம். "நல்ல கேள்வி" என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் எழுதினார்கள். வடகோடி சொன்னபடி எகும் பயணத்தை ஐந்தாம் நாளுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள். அன்று பஸ் 12 மணிக்குக் கிளம்பும். ரெய்னேவுக்குப் போக விரும்பாதவர்கள் நான்காம் நாள் கபெல்வோக்கில் தங்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். நான் தங்குகிறேன், அவர் ஊர்சுற்றியின் கட்சி, ரெய்னேவுக்குப் போய்விட்டு வருவாராம். தரைத்தளப் படுக்கை எழுத்தில் வாங்கியாயிற்று. "மீனும் சாப்பிட மாட்டோம்" என்பதற்கு மட்டும் "சரி, மீனும் உண்டு" என்று பதில் வந்திருக்கிறது. மறுபடி எழுதியிருக்கிறேன்.

---

வடகோடி:

நீங்கள் மறுபடி எழுதியதை அச்செடுத்து விடுதி சமையல்காரர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், அக்கா. எகும் இரவுக்குத் தொப்பி, கையுறை மறக்க வேண்டாம். சூரியன் எதிரே நின்றாலும் அந்தக் கரையில் காற்று வடக்கிலிருந்து நேராக வரும், நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை.